மீந்த துணிக்கைகள்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படுகின்ற பக்கத்தைப் படுவான்கரை என்கிறோம். கடலோரமாக, ஞாயிறு எழுகின்ற பக்கம் எழுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. படுவான்கரையிலிருந்து நெல் வருகிறது, பால் வருகிறது, சட்டித் தயிர் வருகிறது. வாவியிலிருந்து மீனும் இறாலும் நண்டும் வருகின்றன. இவற்றையெல்லாம் உண்டு வாழும் நாம், அந்த மண்ணுக்கும் அந்த நீருக்கும் திருப்பிக் கொடுப்பது என்ன? இந்தக் கேள்வியை இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதை என் முன் வைத்தவர் மண்டூரிலுள்ள ஒரு முதிய தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன், அறுவடை முடிந்த ஒரு மாசி மாதத்தில், குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போனேன். வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பகுதியில் 'பாதை' என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. பாதை நடுவாவிக்கு வந்தபோது, ஓர் இளைஞன் தான் வாங்கி வந்த சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தாளோடு சுருட்டிச் சொப்பிங் பைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு, வாவிக்குள் எறிந்தான். பை சற்று நேரம் மிதந்தது. எனக்குக் கோபம் வந்தது. பாதை மறுகரையை அடையுமுன்பே அடுத்த ஞாயிறு மறையுரையை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். படைப்பைப் பாழாக்கும் இளந்தலைமுறை என்பது அதன் தலைப்பு!

நான் போனது பள்ளிக்கூட நண்பர் ஒருவரின் வீட்டுக்கு. அவருடைய தாயார் சைவ சமயத்தவர். மண்டூர் முருகனின் அடியார். நான் குருவானவராகுமுன்பே என்னை அறிந்தவர் ஆகையால் இன்றும் என்னை 'மகன்' என்றுதான் கூப்பிடுவார். புதுநெல் அரிசிச் சோறு, வாவி இறால் கறி, முருங்கையிலைச் சுண்டல், சட்டித் தயிர் என்று விருந்து வைத்தார். அவர் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டபோது, மறுத்தால் மனம் நோகுமே என்று நான் வாய் திறக்கவில்லை. பிறகு உண்ண முடியாமல் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அவர் கோப்பையிலிருந்த சோற்றைப் பருக்கை விடாமல் ஒரு சிரட்டைக்குள் வழித்துக்கொண்டிருந்தார். கறித் தண்ணீர் வாழையடிக்குப் போயிற்று. இறால் கோதுகள் எலுமிச்சை மரத்தடியில் புதைபட்டன. நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “எங்கட வளவில ஒண்டும் பழுதாப் போகா மகன். ஆனா, கோழிக்கெண்டு நான் தவிடு வெச்சிருக்கன். சோறு உங்களுக்கெண்டுதான் ஆக்கின.”

அவருடைய மூத்த மகன் வயற்காரர். போரதீவுப்பற்றில் வயல் செய்வோருக்கு யானை எவ்வளவு பெரிய சோதனை என்பது உங்களுக்குத் தெரியும். கதிர் முற்றும் காலத்தில் பரணில் இராக்காவல் இருந்து காத்த நெல் அது. அந்த விழித்திருந்த இரவுகளைத்தான் நான் கோப்பையில் மிச்சம் வைத்திருந்தேன்.

ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைக் கேட்டுத் தாவீது அரசன் கொதித்தெழுந்தபோது, அந்த மனிதன் வேறு யாருமல்லன், அரசனே என்று நாத்தான் காட்டினாரல்லவா? அன்று அந்த விரல் என் பக்கம் நீண்டது. பாதையில் வந்த இளைஞனும் நானும் செய்தது ஒரே செயல். அவன் வாவியில் எறிந்தான். நான் கோப்பையில் எறிந்தேன். மறையுரையின் தலைப்பை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

கூடைகளைச் சுமந்தவர்கள்

ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளித்த புதுமையை நான்கு நற்செய்தியாளரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை அருளப்பர் (யோவான்) மட்டுமே சொல்கிறார். எல்லாரும் வயிறார உண்டபின், மீந்த துணிக்கைகளைச் சேர்த்தெடுக்கும்படியும் எதுவும் வீணாகக் கூடாது என்றும் ஆண்டவர் தம் சீடருக்குக் கட்டளையிட்டார். அவர்கள் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்தார்கள்.

இதைச் சற்றுச் சிந்தியுங்கள். ஐந்து வாற்கோதுமை அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் போதுமாக்கியவர், நாளைக்கு வேண்டுமானால் நாளைக்கும் அப்படிச் செய்யக் கூடியவர். அவருக்குத் துணிக்கை எதற்கு? பஞ்சத்துக்குப் பயந்து சேர்க்கச் சொல்லவில்லை. கொடை என்பதனாலேயே சேர்க்கச் சொன்னார். தந்தையின் கையிலிருந்து வந்தது, ஒரு சிறுவனின் கையிலிருந்து வந்தது; ஆகவே அது புல்வெளியில் மிதிபடக் கூடாது. இல்லாதவன் சிக்கனமாக இருப்பது இயல்பு. நிறைய இருக்கும்போது துணிக்கையைப் பொறுக்குகிறவனே கொடுத்தவரை நினைக்கிறவன்.

அந்தத் துணிக்கைகளைப் பொறுக்கியவர்கள் யார்? வேலைக்காரர்கள் அல்லர், பெண்களும் அல்லர். பேதுருவும் அந்திரேயாவும் பிலிப்பும் குனிந்து பொறுக்கினார்கள். திருச்சபையின் தூண்கள் என்று நாம் போற்றும் பன்னிருவரே கூடை சுமந்தார்கள். குசினியும் குப்பையும் பெண்களின் அலுவல் என்று எண்ணியிருக்கும் ஆண்மக்கள் இதை இன்னொரு முறை வாசிப்பார்களாக. குருக்களாகிய நாங்களும் வாசிப்போமாக.

திருப்பலியில் நற்கருணை உட்கொண்டபின், அப்பத் தட்டில் ஒட்டிய மிகச் சிறிய துணிக்கையையும் விரலால் துடைத்துக் கிண்ணத்தில் சேர்க்கிறோம். அது ஆண்டவரின் திருவுடல். அதற்கும் வீட்டுச் சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும் காணிக்கை நேரத்தில், இந்த அப்பம் மண் தந்தது, மனிதர் உழைத்தது என்று அறிக்கையிட்டே அதை ஆண்டவரிடம் கையளிக்கிறோம். பீடத்தில் அப்படிச் சொன்ன வாய், அரை மணி நேரம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் அந்த மண்ணையும் அந்த உழைப்பையும் மறந்துவிடலாமா?

மண்டூரிலிருந்து திரும்பிய பின், ஒரு வாரம் எங்கள் குருமனையின் குப்பைக் கூடையை நானே கொட்டுவது என்று தீர்மானித்தேன். முதல் நாள் சட்டியடியில் பிடித்த சோறு. மறுநாள் யாரும் தொடாத பருப்பு. ஒரு நாள், விருந்தாளி வருவார் என்று சமைத்து, அவர் வராததால் கெட்டுப்போன மீன். எல்லா நாளும் பாண்: அடித்துண்டு, முன்துண்டு, காய்ந்த துண்டு. வார முடிவில் அந்தப் பாண் துண்டுகளைப் பார்த்தபோது, கூடை நிறைந்திருந்தது. ஆனால் அருளப்பர் சொன்ன கூடைகளைப் போலல்ல என்று உணர்ந்தேன். சீடரின் கூடையில் மீட்கப்பட்டது இருந்தது. என் கூடையில் கைவிடப்பட்டது இருந்தது.

'வெளியே' என்றோர் இடமில்லை

குப்பையை 'வெளியே' கொட்டினோம் என்கிறோம். அந்த வெளி எங்கே இருக்கிறது? மட்டக்களப்பு நகரத்துக் குப்பை நெடுங்காலம் திருப்பெருந்துறையில் கொட்டப்பட்டு வந்தது. அங்கே குடியிருந்தோர் நாற்றத்தையும் புகையையும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். நமக்கு வெளி, அவர்களுக்கு வீட்டு வாசல்.

கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், குப்பை மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மலையை ஒரு கொடியவன் கட்டவில்லை. பல்லாயிரம் குசினிகளிலிருந்து நாள்தோறும் போன சிறு சிறு பைகளே அதைக் கட்டின.

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் நடந்ததையும் கேளுங்கள். அங்குள்ள குப்பை மேட்டில் உணவு தேடி வந்த யானைகள், சோற்றோடும் பழத்தோலோடும் பொலித்தீனையும் விழுங்கின. எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் இவ்வாறு மாண்டதாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. யானை பொலித்தீனைத் தேடிப் போகவில்லை. நாம் சோற்றை அதற்குள் கட்டி வைத்ததாலே தின்றது. சோறு தனியே கிடந்தால் மண்ணாகும். பொலித்தீனுக்குள் முடிந்து வைத்தால் ஒன்றுக்கும் உதவாமல் நஞ்சாகும்.

நமது வாவியோ கடலைப் போன்று அள்ளிக்கொண்டு போகும் நீரன்று. மழை பெய்து முகத்துவாரம் திறக்கும்வரை, மாதக்கணக்கில் அது தன் வயிற்றில் விழுந்ததைத் தானே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் எறிந்த பை கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கிறது. அந்த வேர்களிடையேதான் இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி தொன். அதில் ஏறத்தாழ 60 வீதம் வீடுகளில் வீணானது. அதே உலகில் 78 கோடிப் பேர் பசித்திருந்தார்கள். அதே 2022இல் நம் நாட்டிலும் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றோம். அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் போதிய உணவு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டம் அப்போது கணக்கிட்டது. அந்த நாட்களில் நம் வீட்டுச் சட்டிகள் எப்படித் துடைத்து எடுக்கப்பட்டன! அந்த நினைவு இத்தனை விரைவில் மங்கலாமா?

வளவில் தொடங்குவோம்

நல்லெண்ணம் பழக்கமாக வேண்டுமானால் அதற்கு ஓர் இடமும் நேரமும் வேண்டும். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, சுண்டு. அரிசியைக் கண் மட்டத்தில் கொட்டாமல், ஆளுக்கு இவ்வளவு என்று சுண்டால் அளந்து போடுங்கள். இன்று யார் வீட்டில் உண்ணுவார்கள் என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். வெளியே உண்ணப் போகிறவர் முன்கூட்டியே சொல்வது சமைப்பவருக்குச் செய்யும் நீதி. கோப்பையில் கொஞ்சமாகப் போட்டு, வேண்டுமானால் மறுபடி வாங்கி உண்போம். 'போதும்' என்று உரிய நேரத்தில் சொல்வது மரியாதைக் குறைவன்று. அதைச் சொல்லாமல் விட்டதுதான் மண்டூரில் நான் செய்த பிழை.

இரண்டாவது, மீந்தது. இரவு மீந்த சோற்றுக்குத் தாமதியாமல் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்த பழஞ்சோறு ஆகிறது. நம் பாட்டன்மார் அதை உண்டு வயலுக்குப் போனார்கள். காய்ந்த பாணை இடித்துத் தூளாக்கினால் கட்லட்டுக்கு உதவும். இவையெல்லாம் வறுமையின் அடையாளம் என்று வெட்கப்பட வேண்டாம். வெட்கம் குப்பைக் கூடையில் இருக்கட்டும்.

மூன்றாவது, உரம். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைத் தனி வாளியில் சேருங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலைச் சருகு என்று அடுக்கி, மேலே மண் தூவுங்கள். கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கரிய உரமாகிவிடும். வாவியோரத்து வளவுகளில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், மாரியில் கிடங்கு வெட்டினால் தண்ணீர் நிறைந்து கிணறும் கெட்டுப்போகும். ஆகவே கிணற்றுக்குத் தள்ளி, மேட்டில், நான்கு தடி நட்டு ஓலை மறைப்புக் கட்டி, நிலத்துக்கு மேலே குவியுங்கள். மீன்முள்ளையும் இறைச்சிக் கழிவையும் குவியலில் போடாமல், மரத்தடியில் ஆழப் புதையுங்கள், நாய் கிளறாது.

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டபோது படுவான்கரை வயற்காரர் பட்ட பாட்டை நாம் கண்டோம். சேதன உரம் போடுங்கள் என்றார்கள். சேதன உரம் எங்கே இருந்தது? ஆணை ஒரே நாளில் பிறக்கலாம். உரம் அப்படிப் பிறப்பதில்லை. வளவு உரம் மட்டும் ஒரு பற்றின் வயல்களுக்கெல்லாம் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டு மரக்கறிப் பாத்திக்கும் அது போதும். மண்ணுக்குக் கொடுக்கப் பழகாத கை, தேவை வரும்போது வெறுங்கையாக நிற்கும் என்பதே அந்த ஆண்டின் பாடம்.

நான்காவது, பை. கடைக்குப் போகும்போது துணிப் பையோ பன் பையோ கையில் இருக்கட்டும். லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன. பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் 2023 ஒக்டோபரில் தடை செய்யப்பட்டன. 2025 நவம்பர் முதல் கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றும் விதி வந்தது. சட்டம் வந்துவிட்டது, மனம்தான் இன்னும் வரவில்லை. எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்போரும் உண்டு. எரியும் பொலித்தீனின் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும் நஞ்சு. யோகட் கோப்பையையும் சிரட்டையையும் வளவில் எறிந்தால், மாரியில் அவற்றில் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகும்.

ஐந்தாவது, நமது கொண்டாட்டங்கள். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஆலய வளவைப் பார்த்திருக்கிறீர்களா? புனிதரின் சுருவம் போன வழியெல்லாம் தண்ணீர்ப் போத்தலும் சோற்றுத் தாளும்! ஆண்டவருக்குப் பெருவிழா எடுத்த நாம் அவர் படைத்த மண்ணை அப்படியா விட்டுவர வேண்டும்? பிளாஸ்ரிக் கொடிக்குப் பதில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டலாம். வாழையிலையிலோ தாமரை இலையிலோ அமுது படைக்கலாம். தண்ணீர்ப் பானையும் சொந்தக் கோப்பையும் வைக்கலாம். திருமணத்துக்கும் முப்பத்தோராம் நாள் நினைவுக்கும் அழைத்தோரை எண்ணிச் சமைக்கலாம். மீந்தது கெடுமுன் அயல்வீட்டுக்குப் போகட்டும். அது கெட்டபின் போவதைவிட நூறு மடங்கு அழகு.

'இது எம்மாத்திரம்?'

“சுவாமி, பெரிய ஆலைகளும் பெரிய நாடுகளும் உலகத்தைக் கெடுக்கின்றன. என் வீட்டு வாழைப்பழத் தோலால் என்ன ஆகிவிடும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரியோரின் பெரும்பிழையை நான் மூடி மறைக்கவில்லை. குப்பை அள்ளும் ஏற்பாட்டைச் சபைகளிடம் கேட்பதும் நம் கடமையே. ஆனால் அந்திரேயாவும் அன்று இதையே நினைத்தார். இவ்வளவு கூட்டத்துக்கு ஒரு சிறுவனின் ஐந்து அப்பம் என்ன செய்யும் என்று தயங்கினார். இயேசு அந்தச் சிறியதையே வாங்கிக்கொண்டார். சிறுவன் அதைத் தராதிருந்தால்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 211ஆம் எண்ணில், பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது, உண்ணக் கூடிய அளவுக்கே சமைப்பது போன்ற சின்னஞ்சிறு செயல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். உலகம் முழுவதற்கும் எழுதிய மடலில் ஒரு திருத்தந்தை நம் குசினிச் சட்டியைப் பற்றிப் பேசினார் என்றால், அது ஆன்மீகத்துக்குப் புறம்பானதாக எப்படி இருக்கும்? இச்செயல்கள் உலகை முதலில் மாற்றாமல் போகலாம். நம்மை முதலில் மாற்றும். எறிந்துவிடப் பழகிய கை, சோற்றோடு நிற்பதில்லை. வயதான தாயையும், வேலை முடிந்த தொழிலாளியையும், பயன்படாது என்று கருதும் எவரையும் ஒருநாள் எறிந்துவிடும்.

நம் பங்குகளில் முன்னாளில் பிடியரிசி வழக்கம் இருந்தது. உலையில் போடுமுன் தாய் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடுவாள். கிழமை முடிவில் அது ஆலயத்துக்கோ ஏழைக்கோ போகும். அதை மறுபடி தொடங்குவோமா? நேற்று நாம் குப்பையில் கொட்டிய அந்த ஒரு பிடியை, இன்று சமைக்குமுன்பே எடுத்து வைப்போம். அப்போது வாவிக்குள் போகும் பையும் குறையும். பசித்த வீட்டில் அடுப்பும் எரியும்.

இன்றிரவு செபத்துக்குமுன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக் குப்பைக் கூடையை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆத்தும சோதனைக்கு அதைவிட நேர்மையான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. நானும் இன்றிரவு திறந்து பார்க்கிறேன். மண்டூர்த் தாயார் எனக்கு ஆக்கிய சோற்றில் பாதிக்கு நான் இன்னும் கடன்காரன்.

படைத்தவரும் பகிர்ந்தளிப்பவருமான இறைவன் உங்கள் வீட்டையும் வளவையும் ஆசீர்வதிப்பாராக.

— ஆசிரியர்